பலிபீடமும் தடையாணையும்

(கொல்கத்தா பவானிபூரில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

பவானிபூரிலிருந்து ஹாஸ்ரா சந்திப்பைக் கடந்து தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் காளிகாட் கோயில் வந்துவிடும். இப்போதுள்ள கோயில் கட்டடம் 1809இல் கட்டி முடிக்கப்பட்டது. நாட்மந்திர் எனப்படும் மண்டபத்தை அடுத்து, ஆட்டின் கழுத்தைப் பொருத்தும் கவைக்கட்டை நடப்பட்ட பலியிடம் உள்ளது. ஒரே வெட்டில் தலை துண்டாக வேண்டும் என்பது விதி. பலி பொதுமக்கள் பார்வையில் நடைபெறக் கூடாது என்று 2006இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. அதன்பின் பலியிடம் மறைக்கப்பட்டது, பலி நிற்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரை அங்கே அழைத்துச் செல்லும் கொல்கத்தாத் தமிழர்கள் இரண்டு வகையான பேச்சைக் கேட்டிருப்பார்கள். ஒரு சாரார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு காட்டுமிராண்டித்தனமா?" என்பார்கள். இன்னொரு சாரார், "இதில் என்ன இருக்கிறது? நம் ஊர்க் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதில்லையா?" என்பார்கள். கட்சித் தோழர்களிடையேயும் இந்த இரண்டு குரல்களும் உண்டு. முதல் குரல் பகுத்தறிவின் பெயரால் பேசுகிறது. இரண்டாவது குரல் மக்கள் பண்பாட்டின் பெயரால் பேசுகிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன.

விலங்குப் பலியைப் பற்றி உழைக்கும் மக்களின் இயக்கம் எந்த நிலையை எடுக்க வேண்டும் என்பதே இன்றைய பொருள். பசுவின் பெயராலும் இறைச்சியின் பெயராலும் மனிதர்கள் அடித்துக் கொல்லப்படும் காலத்தில், இது ஓய்வு நேர ஆராய்ச்சிக்குரிய பொருளாக இருக்க முடியாது.

காந்தி கண்ட காளிகாட்

1901 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுக்காகக் கல்கத்தா வந்த காந்தி, மாநாடு முடிந்தபின் கோகலேயுடன் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கினார். அந்நாட்களில் ஒருநாள் காளிகாட்டுக்குச் சென்றார். பலிக்காக ஓட்டிச் செல்லப்பட்ட ஆடுகளின் வரிசையை வழியில் கண்டார். கோயிலுக்குச் செல்லும் சந்தில் பிச்சைக்காரர்களின் வரிசையையும் கண்டார். உள்ளே ஓடிய இரத்தத்தைப் பார்த்து அங்கே நிற்க இயலாமல் திரும்பினார். பின்னர் ஒரு விருந்தில் வங்காள நண்பர் ஒருவர், மேள ஓசையில் ஆடுகளுக்கு வலி தெரியாது என்று சமாதானம் கூறினார். ஆடுகளுக்குப் பேச்சு இருந்தால் வேறு கதையைச் சொல்லும் என்பது காந்தியின் பதில். 'சத்திய சோதனை'யில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன.

இந்தப் பதிவில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியவை. ஆடுகளின் வரிசையும் பிச்சைக்காரர்களின் வரிசையும் ஒரே பாதையில் அவர் கண்ணில் பட்டன. அடுத்ததாக, உள்ளம் அவ்வளவு கலங்கிய நிலையிலும் தடையாணை கோரி அரசாங்கத்தின் கதவை அவர் தட்டவில்லை. பேரருள் கொண்ட ஓர் ஆணோ பெண்ணோ தோன்றி இவ்வழக்கத்தை மாற்ற வேண்டும் என்றே விழைந்தார். காந்தியின் சமயப் பார்வையோடு பொதுவுடைமையாளருக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆயினும், இரக்கத்திற்கும் தடையாணைக்கும் இடையே உள்ள தொலைவை அவர் அறிந்திருந்தார்.

'பலி' என்ற சொல்

'பலி' என்ற சொல்லுக்குக் கோயிலில் வழங்கும் பொருளைத் தவிர மற்றொரு பொருளும் இருந்தது. வேதகாலத்தில் குடிகள் தலைவனுக்கும் மன்னனுக்கும் செலுத்திய திறைக்கு 'பலி' என்று பெயர். பிற்காலத்தில் அது நிலவரியின் பெயராயிற்று. அசோகர் தம் ஆட்சியின் 20ஆம் ஆண்டில் லும்பினிக்குச் சென்று நிறுவிய தூண் கல்வெட்டு, புத்தர் பிறந்த அவ்வூருக்குப் 'பலி' நீக்கப்பட்டதாகவும் எட்டில் ஒரு பங்கு மட்டும் பெறப்படும் என்றும் கூறுகிறது. ஆக, தெய்வத்துக்குக் கொடுப்பதும் அரசனுக்குக் கொடுப்பதும் ஒரே சொல்லால் வழங்கின. இரண்டும் கீழிருந்து மேலே போயின.

இந்தப் பின்னணியில் பார்த்தால் வேள்விக்கு எதிராகப் பௌத்தமும் சமணமும் எழுப்பிய குரலின் சமூகப் பொருள் விளங்கும். பெருவேள்விகளுக்காகக் கால்நடைகள் பெருமளவில் அழிக்கப்பட்டது, மாட்டை நம்பி உழுத குடியானவர்களுக்குத் தாங்க முடியாத சுமையாக இருந்தது என்பதை டி.டி.கோசாம்பி விளக்கியுள்ளார். தீக நிகாயத்தில் உள்ள கூடதந்த சுத்தத்தில், எழுநூறு எருதுகளைக் கட்டிவைத்து வேள்விக்கு ஆயத்தமாகும் பார்ப்பனர் ஒருவருக்குப் புத்தர் பழைய கதை ஒன்றைச் சொல்கிறார். அதில் வரும் மன்னன் பெருவேள்வி செய்ய விரும்புகிறான். நாட்டில் கொள்ளையும் வறுமையும் மலிந்திருக்க, மேலும் வரி தண்டுவது தவறு என்கிறார் அவனது புரோகிதர். உழவருக்கு விதையும், வணிகருக்கு முதலும், பணிபுரிவோருக்கு ஊதியமும் கொடுப்பதே முதற்பணி என்கிறார். அதன்பின் நடக்கும் வேள்வியில் ஓர் உயிரும் கொல்லப்படுவதில்லை; எவரும் தண்டனைக்கு அஞ்சி அழுதுகொண்டு வேலை செய்வதுமில்லை. விலங்கின் வலியும் வேலையாளின் கண்ணீரும் அங்கே சேர்த்தே பேசப்படுகின்றன.

அசோகரின் முதல் பாறைக் கல்வெட்டும் இதே மரபைச் சேர்ந்தது. உயிர்களைக் கொன்று வேள்வி செய்யலாகாது என்று கூறும் அவர், அடுத்து தம் அடுக்களையைப் பற்றிப் பேசுகிறார். முன்பு எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்ட அந்த அடுக்களையில் இப்போது இரண்டு மயில்களும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்படுவதாகவும், இனி அவையும் கொல்லப்படமாட்டா என்றும் அறிவிக்கிறார். தடை விதித்த அந்த மன்னர் தம் வீட்டுக் கணக்கை முதலில் மக்கள்முன் வைத்தார். பிற்கால ஆட்சியாளர்கள் எவரும் இதைப் பின்பற்றியதாகத் தெரியவில்லை.

தமிழ் மரபில் இதற்கு இணையான பாத்திரம் மணிமேகலையின் ஆபுத்திரன். பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டு, பசுவின் பாலால் உயிர் பிழைத்து, அந்தணர் ஒருவரால் வளர்க்கப்பட்டவன் அவன். வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபட்டு அடிபடுகிறான், அவன் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தி விரட்டுகிறார்கள். பின்னர் மதுரையில் பிச்சையெடுத்து, பார்வையற்றோர்க்கும் கால் இழந்தோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் உண்ணக் கொடுத்துவிட்டு எஞ்சியதை உண்கிறான். பசித்தவருக்கெல்லாம் சோறிடும் அமுதசுரபி அவன் கைக்குத்தான் வந்து சேர்கிறது. பசுவைக் காத்தவன் பசித்த மனிதருக்குச் சோறிட்டவனாகவும் இருந்தான். பசுவின் பெயரால் தாத்ரியிலும் அல்வாரிலும் மனிதரைக் கொன்றவர்களுக்கு ஆபுத்திரனோடு எந்த உறவும் இல்லை.

வேள்வி செய்தவர்களே பின்னாளில் சைவ உணவின் காவலர்களாக மாறிய வரலாற்றை அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பௌத்தத்தை வெல்வதற்காகப் பார்ப்பனியம் அதைவிடவும் ஒருபடி மேலே போக வேண்டியிருந்தது என்பது அவர் முடிவு. கொல்லாமை என்ற அறம் அந்த மாற்றத்தில் சாதிப் படிநிலையின் அளவுகோலாக உருமாறியது. 'என்ன உண்கிறாய்?' என்ற கேள்வி 'நீ யார்?' என்ற கேள்வியாக மாறிற்று.

அபர்ணாவின் ஆட்டுக்குட்டி

வங்காளத்தில் இந்த விவாதம் இலக்கியமாக மாறியது ரவீந்திரநாத் தாகூரால். 1887இல் நூலாக வந்த 'ராஜரிஷி' நாவலும் 1890இல் வந்த 'விசர்ஜன்' நாடகமும் 17ஆம் நூற்றாண்டில் திரிபுராவை ஆண்ட கோவிந்த மாணிக்கியரைக் கதைத்தலைவராகக் கொண்டவை. மன்னர் கோயிலில் பலியைத் தடை செய்கிறார். தலைமைப் பூசாரி ரகுபதி சதி செய்கிறார். ரகுபதி மகன்போல் வளர்த்த சீடன் ஜெயசிங்கன் இறுதியில் தன் இரத்தத்தையே தேவிக்குக் கொடுத்து மடிகிறான். 1890இல் ரகுபதியாக நடித்த தாகூர், 1923இல் தமது 62ஆம் வயதில் இளைஞன் ஜெயசிங்கனாக மேடையேறினார். அந்தப் படைப்பு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

நாடகத்தில் கிளர்ச்சியைத் தொடங்கிவைப்பவள் அபர்ணா என்னும் ஏழைப் பிச்சைக்காரப் பெண். அவள் பாலூட்டி வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பலிக்காகப் பிடித்துச் சென்றுவிட்டார்கள். குழந்தை இல்லாத அரசி, பிள்ளை வரம் வேண்டித் தேவிக்குப் பலிகளை நேர்ந்திருக்கிறாள். அரசியின் நேர்த்திக்கடனுக்கு ஏழையின் ஆடு! 'பலி' என்ற சொல்லின் இரண்டு பொருள்களும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அபர்ணாவின் அழுகை விலங்கின் மீது கொண்ட இரக்கம் மட்டுமன்று. பறிகொடுத்தவளின் முறையீடும் ஆகும்.

1935இல் ராம்சந்திர சர்மா என்ற பண்டிதர் பலியை நிறுத்தக் கோரிக் காளிகாட்டில் உண்ணாவிரதம் இருந்தபோது தாகூர் கவிதை எழுதி ஆதரித்தார். காளிகாட் மாறவில்லை. ஆனால் வங்காளம் முழுவதும் மாறாமலும் இல்லை. 1901இல் பேலூர் மடத்தில் முதல் துர்கா பூஜை நடந்தபோது, ஆட்டுப்பலி வேண்டாம் என்று சாரதா தேவி கூறியதை விவேகானந்தர் ஏற்றார். வங்காளத்தின் பல பழைய குடும்பப் பூஜைகளில் ஆட்டின் இடத்தைச் சாம்பல் பூசணியும் கரும்பும் வெள்ளரியும் பிடித்துக்கொண்டன. ஆயுத பூஜையன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் குங்குமம் தடவி உடைக்கப்படும் பூசணிக்காயும் அதே மாற்றத்தின் தடயம்தான். இவற்றுக்கெல்லாம் காவல்துறை தேவைப்படவில்லை.

பலியை விடாதவர்களிடமும் ஒரு நெறி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தெய்வத்துக்குப் படைக்காமல் கொன்ற விலங்கின் இறைச்சி 'வீண் இறைச்சி', அதை உண்பது பாவம் என்று பழைய வங்காளக் குடும்பங்கள் கருதின. படைத்த ஆட்டின் கறியை வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைத்து அதைச் 'சைவக் கறி' என்றே அழைத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஓர் உயிரைக் காரணமில்லாமல் கொல்லக் கூடாது என்ற தயக்கம் அதற்குள் இருப்பதை மறுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெட்டி, நெகிழித் தாளில் சுற்றி, குளிரூட்டிய கடையில் விற்கப்படும் இறைச்சிக்கு அந்தத் தயக்கம்கூட இல்லை.

கிடாவெட்டுக்குக் காவல்துறை வந்த ஆண்டு

தமிழ்நாட்டில் கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடை செய்யும் சட்டம் 1950இல் இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் அது ஏட்டில் உறங்கியது. 2003 ஆகஸ்டு இறுதியில், அதைக் கண்டிப்பாகச் செயல்படுத்த வேண்டும் என்று ஜெயலலிதா தலைமையிலான அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கும் காவல்துறைக்கும் ஆணையிட்டது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை 2002இல் கொண்டுவந்த அதே அரசு இது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஆணையின் திசை விளங்கியது.

ஆணை யார்மீது பாய்ந்தது? ஆகமக் கோயில்களில் பலி இல்லை. சுடலைமாடன், கருப்பசாமி, முனியாண்டி, காட்டேரி, பேச்சியம்மன் ஆகிய தெய்வங்களின் கோயில்களில்தான் பலி உண்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் கூரையில்லை; உண்டியல் இல்லை; வேதம் ஓதும் அர்ச்சகர் இல்லை. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன், காத்தவராயன் கதைப்பாடல்களைப் படித்தவர்கள் அறிவார்கள்: இத்தெய்வங்களில் பல, சாதியை மீறிக் காதலித்ததற்காகவோ ஆதிக்கத்தை எதிர்த்ததற்காகவோ கொல்லப்பட்ட மனிதர்கள். அவர்களைத் தெய்வமாக்கிய மக்கள், தாங்கள் உண்பதையே அவர்களுக்கும் படைத்தார்கள். அந்தப் படையலைக் குற்றம் என்று சொல்வது, அந்த மக்களின் உணவையும் நினைவையும் சேர்த்துக் குற்றம் என்று சொல்வதாகும்.

இடதுசாரிக் கட்சிகளும் தலித் அமைப்புகளும் முற்போக்கு எழுத்தாளர்களும் அந்த ஆணையை எதிர்த்தனர். பலியில் நம்பிக்கை இல்லாதவர்களே பலியிடும் உரிமைக்காகப் பேசிய வியப்பு அன்று நிகழ்ந்தது. எதிர்ப்பு வலுத்து, நாடாளுமன்றத் தேர்தலும் நெருங்கிய நிலையில், 2004 பிப்ரவரியில் அரசே அச்சட்டத்தை விலக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இதே முரண்பாடு தலைதூக்கியது. இலங்கையில் முன்னேசுவரம் பத்திரகாளி கோயிலின் பலியை 2011 செப்டம்பரில் அமைச்சர் ஒருவர் நேரில் சென்று தடுத்தார். சிறுபான்மை மக்களின் வழிபாட்டிடத்தில் பெரும்பான்மை அரசியலின் கை எவ்வளவு எளிதாக நுழையும் என்பதை அது காட்டியது. தாகூர் எழுதிய அதே திரிபுராவில், அரசுச் செலவில் நாள்தோறும் ஆடு கொடுக்கப்பட்டுவந்த திரிபுரேசுவரி கோயில் உள்பட எல்லாக் கோயில்களிலும் பலியை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தடை செய்தது. பின்னர் அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தெற்குத் தினாஜ்பூர் மாவட்டத்தின் பொல்லா காளி கோயிலில் ஆயிரக்கணக்கான ஆடுகள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரிய வழக்கில், 2024 அக்டோபரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உடனடித் தடை விதிக்க மறுத்தது. வட இந்தியாவின் சமயப் பழக்கமும் கிழக்கிந்தியாவின் சமயப் பழக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

மலையும் சந்தையும்

இந்த வரலாற்றின் அண்மைக் கட்டம் திருப்பரங்குன்றம். மலைமேல் உள்ள சிக்கந்தர் பாதுஷா தர்காவில் நேர்ச்சைக்காக ஆடு, கோழி அறுத்துச் சமைத்து உண்பது முருகனின் மலையைத் தீட்டுப்படுத்துகிறது என்று கூறி, 2025 பிப்ரவரியில் இந்து முன்னணி உள்ளிட்ட அமைப்புகள் மதுரையில் பெரும் போராட்டம் நடத்தின. வழக்கில் அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். அக்டோபரில் மூன்றாம் நீதிபதி அங்கே பலியிடுவதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

முருகனின் தூய்மையைப் பற்றிப் பேசியவர்கள் திருமுருகாற்றுப்படையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஆறு படைவீடுகளில் திருப்பரங்குன்றத்தை முதலாவதாகப் பாடும் அதே நூல், மலைவாழ் மக்கள் ஆட்டை அறுத்து, அதன் குருதி கலந்த அரிசியைத் தூவி முருகனை வழிபட்டதையும் விரிவாகப் பாடுகிறது. சங்கப் பாடல்களின் வெறியாட்டில் மறி அறுப்பது வழக்கமான காட்சி. குறிஞ்சி நிலத்து வேட்டுவர் தெய்வம் ஆகமக் கோயிலுக்குள் சென்றபின் சைவ உணவினன் ஆனான். அது வரலாற்றில் நிகழ்ந்த மாற்றம். அந்த மாற்றத்தைத் தொன்றுதொட்ட தூய்மை என்று காட்டி, அண்டை வீட்டு முஸ்லிமின் சமையல் சட்டியைத் தட்டிவிடுவது அரசியல்.

சட்டத்தின் தராசும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நிற்பதில்லை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒரு சமுதாயத்தின் சமயநெறி கோரும் முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. அச்சட்டத்தின் கீழேயே 2017 மே மாதத்தில் ஒன்றிய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள், சந்தையில் வாங்கும் மாட்டையும் எருமையையும் ஒட்டகத்தையும் இறைச்சிக்கோ பலிக்கோ பயன்படுத்தக் கூடாது என்றன. ஆடு அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மாதமே மதுரைக் கிளை தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது. பக்ரீத் நாளில் பசுவைப் பலியிட மேற்கு வங்க அரசு அளித்துவந்த விலக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் கூறியபோது, அது இஸ்லாத்தில் கட்டாயமன்று என்பதைக் காரணமாகக் காட்டியது. எது ஒரு மதத்துக்குக் கட்டாயம் என்று நீதிமன்றம் முடிவு செய்யும் இந்த முறையில், எண்ணிக்கையில் குறைந்தவர்களும் ஏழைகளுமே பெரும்பாலும் தோற்கிறார்கள்.

இவற்றுக்கு நடுவே, எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக இந்தியா நிற்கிறது. ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் அதனால் வருவாய் வருகிறது. அந்தத் தொழிற்சாலைகளின் வாயிலில் எந்தப் பசுக் காவலரும் நிற்பதில்லை. கிராமத்துச் சந்தையிலிருந்து இரண்டு மாடுகளை ஓட்டிவருபவர்தான் அடிபடுகிறார். விலங்கின் மீதுள்ள இரக்கம் மூலதனத்தைக் கண்டதும் வழிவிட்டு நிற்குமானால், அதற்கு வேறு பெயர்தான் சூட்ட வேண்டும்.

மக்கள் வழக்கம் என்றால் எல்லாம் சரியா?

இதுவரை சொன்னதைக் கேட்டு, கிடாவெட்டு என்பது ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்புப் பண்பாடு என்று முடித்துக்கொள்வது எளிது. அங்கேதான் இரண்டாவது குரலின் குறை தெரிகிறது.

ஐயனார் கோயில்களில் கருப்பசாமிக்குக் கிடா வெட்டும்போது, சைவப் படையல் ஏற்கும் ஐயனாரின் முன் திரை போடுவார்கள். மேல்கீழ் என்ற படிநிலை மக்கள் தெய்வத்தின் வாசலிலும் இருக்கிறது என்பதை அந்தத் திரை சொல்கிறது. முதல் கிடா யாருடையது, முதல் மரியாதை யாருக்கு என்பவற்றில் தொடங்கிய சண்டைகள் கொலையில் முடிந்த ஊர்கள் உண்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும்போது தலித் வீடுகளில் வாங்க மறுப்பது, 'கோயிலில் உங்களுக்குப் பங்கில்லை' என்று சொல்லும் முறை. அதே வீடுகளிலிருந்து பறையடிக்க மட்டும் ஆள் வர வேண்டும். ஆண்கள் மட்டுமே கூடிச் சமைத்து உண்டு, பெண்களை அந்தப் பக்கமே விடாத கிடா விருந்துகள் மதுரை வட்டாரத்தில் நடக்கின்றன. நேர்த்திக்கடன் கழிக்க வட்டிக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனைக் கழிக்கத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன குடும்பங்களைத் தோழர்கள் அறிவார்கள். இங்கேயும் பலி வரியாகத்தான் நிற்கிறது.

வெட்டப்படும் விலங்கின் வலியையும் ஒதுக்கிவிட முடியாது. அந்த வலியைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் மேலிருந்து பேசியவர்கள் அல்லர். தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலை அணியவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய ஐயா வைகுண்டர், பலியையும் அச்சமூட்டும் தெய்வங்களையும் விட்டுவிடச் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் விட்டார்கள். அவர்கள் தலைநிமிர்ந்து நடப்பதற்கான முயற்சியின் ஒரு பகுதியாக அது இருந்தது. பலியைக் கடுமையாகக் கண்டித்த வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் திறந்து அடுப்பை மூட்டினார். பசித்தவருக்குச் சோறிட்ட பிறகுதான் அவர் சொல்லுக்கு எடை வந்தது. மக்களுக்குள் இருந்து வரும் சீர்திருத்தத்திற்கும் மாவட்ட ஆட்சியரின் சுற்றறிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மார்க்சிய மரபிலும் இந்தக் குரலுக்கு இடம் உண்டு. 1844இல் வெளியான 'யூதர் பிரச்சினை குறித்து' என்ற கட்டுரையில் இளம் மார்க்ஸ், 16ஆம் நூற்றாண்டு உழவர் எழுச்சியின் தலைவர் தாமஸ் மூன்சரை நினைவுகூர்கிறார். நீரில் உள்ள மீனும் வானத்துப் பறவையும் மண்ணின் செடியும் சொத்தாக்கப்பட்டதைப் பொறுக்க முடியாது, படைக்கப்பட்ட உயிர்களும் விடுதலை பெற வேண்டும் என்பது மூன்சரின் கருத்து. 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, முதலாளித்துவ முன்னேற்றத்தைக் கொல்லப்பட்டோரின் மண்டையோட்டில் மட்டுமே அமுதம் பருகும் தெய்வத்துக்கு மார்க்ஸ் ஒப்பிட்டார். காளிகாட்டைக் கடந்து நடப்பவர்களுக்கு அந்த உவமை புதிதாக இருக்காது.

கட்சி செய்யக்கூடியது

மதம் அரசைப் பொறுத்தவரை தனிமனிதரின் விவகாரமாக இருக்க வேண்டும், கட்சியைப் பொறுத்தவரை அப்படி இருக்க முடியாது என்று லெனின் 1905இல் எழுதினார். மதத்துக்கு எதிரான பரப்புரை உழைக்கும் மக்களின் ஒற்றுமையைப் பிளக்கும் கருவியாகிவிடக் கூடாது என்பதையும் அதே கட்டுரையில் எச்சரித்தார். பலியைப் பொறுத்தவரை இதிலிருந்து சில முடிவுகள் பிறக்கின்றன.

முதலாவதாக, ஏழை மக்களின் அல்லது சிறுபான்மையினரின் வழிபாட்டையும் உணவையும் குறிவைக்கும் தடையாணைகளை எதிர்க்க வேண்டும். பலியில் நம்பிக்கை இல்லை என்பது ஒதுங்கி நிற்பதற்குக் காரணமாகாது. 2003இல் சரியாக இருந்த நிலை திருப்பரங்குன்றத்திலும் சரியானதே.

இரண்டாவதாக, எதிர்ப்பது வேறு, கொண்டாடுவது வேறு. பலி பிள்ளை வரம் தரும், நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையைத் தோழர்கள் தங்கள் குடும்பத்திலிருந்தே பொறுமையாகக் கேள்விக்குள்ளாக்க வேண்டும். ஏளனம் செய்து எவரையும் மாற்றியதில்லை. நல்ல மருத்துவமனையும் நிலையான கூலியும் இருக்கும் இடத்தில் நேர்த்திக்கடன் தானாகவே சுருங்கும். அவற்றுக்கான போராட்டமே சிறந்த பரப்புரை.

மூன்றாவதாக, விலங்குவதை என்ற கேள்வியை வலதுசாரிகளிடம் விட்டுவிடக் கூடாது. லாரிகளில் மூச்சுத் திணற அடைக்கப்படும் கால்நடைகள், கால்நடை மருத்துவரே இல்லாத ஊர்கள், தண்ணீரும் கழிவுநீர்க் கால்வாயும் இல்லாத அறுவைக் கூடங்கள் ஆகியவை விலங்கையும் தொழிலாளியையும் ஒருசேர வதைக்கின்றன. இறைச்சி வெட்டுவோர், தோல் பதனிடுவோர் ஆகியோரின் வேலைநிலைமையும் இந்தக் கேள்வியின் பகுதியே.

நான்காவதாக, ஆடு ஏழையின் பசு. வாரத்துக்கு ஆடு வளர்க்கும் நிலமற்ற பெண்களுக்கு ஆடி மாதமும் பக்ரீதும் தீபாவளியும்தான் கையில் காசு புரளும் நாட்கள். அந்த வருவாய்க்கு மாற்று வழி சொல்லாமல் பலியை நிறுத்தச் சொல்பவர், அபர்ணாவின் ஆட்டை இரண்டாம் முறை பறிக்கிறார்.

தோழர்களே, வரும் ஆடி மாதத்தில் இங்கிருந்து பலர் குலதெய்வக் கோயிலுக்காக ஊருக்குச் செல்வார்கள். போக வேண்டாம் என்று சொல்வதில் பயனில்லை. போகும் இடத்தில் சில கேள்விகளைக் கேட்டுவர வேண்டும். வெட்டப்பட்ட கிடா யாருடையது? அதை வாங்கிய கடனுக்கு என்ன வட்டி? தலைக்கட்டு வரி எந்தத் தெருவில் வாங்கப்படவில்லை? பறையடித்தவர் பந்தியில் எங்கே உட்கார்ந்தார்? பெண்களுக்கு இலை போட்டார்களா? சுற்றுவட்டாரத்தில் தர்கா இருந்தால் அங்கே நேர்ச்சை தடையின்றி நடந்ததா?

இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளோடு அடுத்த வகுப்புக்கு வந்தால், அந்த ஊரில் கட்சி எங்கிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.